நோன்பு திறக்கையில் எழுந்த மேடு

அன்றைக்கு எங்கள் வீட்டு மேல்தட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், மகள், அவளோடு கம்பஸில் படித்த, பக்கத்து ஊர் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, பக்கத்து வளவில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் என் காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். எங்கள் ஐந்து பேரையும் விட அதிக இடத்தை டிஷ்தான் பிடித்திருந்தது.

ஒரு காலத்தில் வசதியான வீடுகளில் டீவிக்காக நிறுத்தியிருந்த கறுப்பு வலை டிஷ் அது. சின்ன டிஷ்கள் வந்த பிறகு காக்காவின் வளவுக்கு வந்து சேர்ந்தது. வெயில் ஏறினால் கோழிகள் அதன் கீழே ஒதுங்கும். அதை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விலை பேசி, காசு பிறகு தருவதாகச் சொல்லித்தான் எடுத்தோம். மகளும் தோழியும் அதன் நடுவில் ஒரு பெரிய பால்மா டின்னைப் பொருத்தி, வானத்தைப் பார்க்க மல்லாத்தி வைத்தார்கள். டின்னிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டி ஒன்றுக்கும், அதிலிருந்து லெப்டொப்புக்கும் போனது.

"இதால வெள்ளி தெரியுமா மகள்?" என்று கேட்டேன். வானத்து நட்சத்திரத்தை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

"தெரியாது உம்மா. வெள்ளி பிறக்கிறதுக்கு முந்தின வாயு இரிக்கெல்லோ, அதுட சத்தம்தான் வரும். ஒரு சாண் நீளத்து அலை."

"அப்ப தயிர் இல்ல, பால்தான் எண்டு சொல்லு" என்றார் என் கணவர்.

"ஓம் வாப்பா. உறையாத பால்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். விளங்காத ஒன்றைக் கண்டால் எனக்கு முதலில் வருவது பயம். காற்றடித்து டிஷ் பறந்து யாருடைய ஓட்டின் மேலாவது விழுந்தால்? மின்னல் இறங்கினால்? குமர்ப்பிள்ளைகள் இரண்டும் அந்திப்பொழுதில் மேல்தட்டில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால்? இவையெல்லாம் வாய் விட்டுச் சொன்ன பயங்கள். சொல்லாத பயம் வேறு. அந்த வாயுவின் அலை பதிவானால்தான் மகளின் கடைசி வருட ஆய்வு தேறும். தேறினால் வெளிநாட்டில் மேலே படிக்க இடம் கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். சரி வராவிட்டால் பிள்ளை உடைந்துபோவாள். சரி வந்தால் பிள்ளை போய்விடுவாள். எதற்கு துஆக் கேட்பது என்று தெரியாமல் "ரப்பே, நல்லதை ஆக்கி வை" என்று மட்டும் கேட்டேன்.

இரவல் வாங்கிய பெட்டியை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒன்றும் சரியாகப் பதிவாகவில்லை. திரையில் ஓடிய கோடு முள்ளுக்கம்பி போல நின்றது. மோட்டார் சைக்கிள், எல்ஈடி பல்பு, தண்ணீர் மோட்டார், கைத்தொலைபேசி, காக்காவின் வெல்டிங், எல்லாமே அந்த டின்னுக்குள் விழுகிறதாம்.

"எங்கட ஊர்தான் கத்துது உம்மா. வானம் கேக்குதே இல்ல" என்று மகள் தலையில் கை வைத்தாள்.

வழியைச் சொன்னது பாண்டிருப்புப் பிள்ளைதான். "நீங்க நோன்பு திறக்கிற நேரம் ரோட்டில ஒரு சைக்கிள்கூட ஓடாதே அன்ரி. நான் வாற நேரம் பாத்திருக்கன். ஊரடங்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும்."

மகள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பங்குனி மாதத்து நோன்பு அது. அந்த வேளையில்தான் பால்வீதியும் நேர் உச்சிக்கு வருமாம்.

ஆக, அன்றைக்கு வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தினோம். போன்களை எல்லாம் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். காக்கா வெல்டிங்கை அசர் தொழுகையோடு நிறுத்திவிட்டு வந்தார். கஞ்சியும் சமோசாவும் பேரீச்சம்பழமும் பாயில் இருந்தன.

"இருட்டில நோன்பு திறந்தா சமோசா எது, சட்டி புடிக்கிற துணி எது எண்டு வாய்க்குத்தான் தெரியும்" என்றார் கணவர்.

"ஒங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே மச்சான்" என்றார் காக்கா.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கடைசி மோட்டார் சைக்கிளும் எங்கோ ஒரு வாசலில் நின்றது. மகள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபடி மென்று விழுங்க மறந்து திரையைப் பார்த்தாள். முள்ளுக்கம்பி மெல்லப் படிந்து, அலை அடங்கிய களப்புத் தண்ணீரைப் போல ஆனது. அதன் நடுவில் ஒரு சின்ன மேடு எழும்பியது. மாவைத் துணியால் மூடி வைத்தால் நடுவில் புடைக்குமே, அவ்வளவுதான்.

"அதுதானா?" என்றேன் மெதுவாக.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது.

அப்போது காக்காவின் சாரன் மடியில், அவர் பெட்டியில் போட மறந்த போன் அடித்தது. கோடு குலைந்து மறுபடியும் முள்ளாகியது.

எதிர் வீட்டு மாமிதான் கோல் எடுத்திருந்தா. இருட்டில் சத்தமாகக் கேட்டது: "என்னடா மனே, தங்கச்சிட வீடு இருட்டாக் கிடக்கு? நோன்பு திறக்கிற நேரம் வெளிச்சமும் இல்ல, சத்தமும் இல்ல. ஆருக்கும் மௌத்தா?"

எங்கள் தெருவில் அந்த நேரத்தில் இருண்டு கிடக்கும் வீட்டுக்குச் சாவைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை பயத்துக்கும் இடம் வைத்த மனதில் அதற்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது. காக்கா பதில் சொல்லி முடிக்குமுன் டோர்ச்சும் கஞ்சிக் கோப்பைகளுமாகப் பெண்கள் எங்கள் படியில் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தா. எல்லாரும் உயிரோடு சமோசா தின்பதைக் கண்டு அவவுக்குக் கோபம்தான் வந்தது.

நான் மகளின் முகத்தையே பார்த்தேன். அவள் ஏதோ தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "போன் அடிச்ச துண்ட வெட்டினாலும் மிச்சம் போதும் உம்மா" என்றாள். பிறகுதான் பேரீச்சம்பழத்தை விழுங்கினாள்.

காக்கா குனிந்து திரையைப் பார்த்தார். "இதுவா? இது மேடெல்லோ. வெள்ளி எங்க?"

"இது வாயு மாமா. இனித்தான் வெள்ளி ஆகும்."

"அப்ப வெள்ளி பிறந்த பொறகு டிஷ்ஷுக்குக் காசு தாங்க. மேட்டுக்கு நான் காசு வாங்கிறல்ல."

மகள் போய்விட்டாள். குளிர் நாடு ஒன்றில் இருந்துகொண்டு, வேறொரு நாட்டுப் பாலைவனத்தில் நிற்கும் பெரிய டிஷ்களில் பதிவாகும் அலைகளைப் பிரித்துப் பார்க்கிறாள். எங்கள் பால்வீதிக்கு எவ்வளவோ வெளியே இருக்கும் கலக்ஸிகளில் வெள்ளிகள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலையாம். போனில் சொல்வாள்: "இது பூமி உண்டாகிறதுக்கு முந்திப் புறப்பட்ட அலை உம்மா. அங்க பிறந்தது இப்பதான் எங்களுக்குத் தெரியுது." நான் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன்.

டிஷ் இன்னும் மேல்தட்டில்தான் கிடக்கிறது. கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நோன்பிலும் பாங்கு சொன்னதும் ஊர் அடங்கும் அந்தக் கொஞ்ச நேரம் என் காது தானாக மேலே போகிறது. ஒன்றும் கேட்பதில்லை. கீழே விளக்குகள் எல்லாம் எரிகின்றன. எதிர் வீட்டு மாமிக்காக வாசல் விளக்கையும் போட்டு வைக்கிறேன்.

போன பெருநாளைக்கும் காக்காவின் கையில் காசைத் திணிக்கப் பார்த்தேன். கடனோடு மௌத்தாகிப் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

"மகள் பாக்கிற கலக்ஸியில எவ்வளவோ வெள்ளி பிறந்திட்டு காக்கா. இத எடுங்க."

"அது வேற ஆக்கள்ற வெள்ளி. என்ட டிஷ்ஷில கேட்டது பிறந்திட்டா எண்டு கேட்டுச் சொல்லு."

மகளிடம் கேட்டேன். அதற்கு இன்னும் கோடிக்கணக்கான வருடம் எடுக்கும் என்று சிரித்தாள். காக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, "எனக்கு அவசரமில்ல" என்று எழும்பிப் போய்விட்டார்.

கொடுக்க வேண்டியது இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.