பதினோரு ஃபாரத்துக்கு ஒரே அத்தை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு அந்தக் கல்லூரி வாசலில் நின்று பார்க்க வேண்டும். நாகலாபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என்று கண்ணாடியில் ஊர்ப்பெயர் ஒட்டிய பதினான்கு பஸ்கள் ஒன்றன் வால் பிடித்து ஒன்று கிளம்பும். ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள் பத்து நிமிடத்தில் காலி. பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நாற்பது பேரில், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்களில் ஏறிவிடுவார்கள். புழுதி அடங்கும்போது மிச்சம் இருப்பது, வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வினோலியாவும், ஹாஸ்டல் ஜன்னல்களில் பதினோரு முகங்களும்தான்.

அந்தப் பதினோரு பேரும் வெளி மாநிலம். ஜார்க்கண்டில் இருந்து மூன்று, ஒடிசாவில் இருந்து மூன்று, அஸ்ஸாமில் இருந்து இரண்டு, திரிபுராவில் இருந்து இரண்டு, மிசோரமில் இருந்து ஒன்று. ஊருக்குப் போய்வர ஒரு வாரம் ஆகும் பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும் எதற்கு வருகின்றன என்றே தெரியாது.

வினோலியாவுக்கும் முன்பெல்லாம் அப்படித்தான். மணியாச்சியில் ரயில் பாதை பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவரின் மகள். இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தாள். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மூலையில் கிடந்த ஜெராக்ஸ் மெஷினைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். மழைக்காலத்தில் தாளை விசிறிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிரண்டாக இழுக்கும். சத்தம் மாறினால் உருளையில் ஊக்கு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. கணவர் மஞ்சள்காமாலையில் போன பிறகு சொந்தமாகக் கடை வைத்தாள். பிள்ளை இல்லை. அண்ணன் மகள் ஆஸ்லின் அந்தக் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் கடையில் நின்று "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டதில், கல்லூரி முழுவதுக்கும் அது அத்தை கடை ஆகிவிட்டது. ஆஸ்லின் படிப்பு முடிந்து திருப்பூருக்குப் போய்விட்டாள். பெயர் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

சனிக்கிழமை வியாபாரம் கிடையாது. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வினோலியா மெஷினைத் துடைப்பாள். அப்படி ஒரு சனிக்கிழமை, ஷட்டருக்கு அடியில் குனிந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். சிம்தேகா பக்கத்துக் கிராமம், பெயர் அனிமா. ஆதார் அட்டையைக் கொடுத்து ஒரு நகல் கேட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே அட்டை, ஒரு நகல். மூன்றாவது சனிக்கிழமை வினோலியா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இத எத்தன தடவ எடுப்ப? மொகம் ஏதும் மாறிட்டா?"

அனிமாவுக்கு அப்போது தமிழ் பாதிதான் வரும். கையைக் காட்டி, சிரித்து, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னாள். ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட வேண்டும் என்றால் ரிஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். லோக்கல் கார்டியன், அதாவது உள்ளூரில் பொறுப்பேற்கும் ஆள், இல்லாதவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே காரணம் ஜெராக்ஸ். கால்மணி நேரம். மற்ற பத்துப் பேரிடமும் அவரவர் ஆதார் நகல் கட்டுக் கட்டாக இருக்கிறது.

வினோலியா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெஷினை அணைத்தாள்.

"கார்டியன் ஃபாரம் ஒண்ணு எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடுதேன்."

ஒன்று கேட்டால் பதினொன்று வந்தது. 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. வினோலியா பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதுதானே உறவு. பதினொன்றிலும் 'அத்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளுக்குக் கை கால் முளைத்தது. கோவில்பட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பதினோரு பெண்களோடு கடைவீதியில் நடந்ததில்லை. வளையல் கடையில் ஒரு மணி நேரம், கடலைமிட்டாய் வாங்க அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் பிடித்து மணியாச்சிக்குப் போவார்கள். போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வடை தின்று, அடுத்த வண்டியில் திரும்பி வருவார்கள். "அங்கன என்ன இருக்கு?" என்று கேட்ட டிக்கெட் பரிசோதகரிடம் மிசோரம் பெண் ரின்புயி, "வடை" என்று பதில் சொன்னாள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் உளுந்து விதைத்த காட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். கரிசலில் மழைக்குப் பிறகு செருப்போடு இறங்கக் கூடாது என்பதை வினோலியா சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் காலில் ஒரு படி மண் ஏறியது. திரிபுராப் பெண்ணின் கான்வாஸ் ஷூ ஒன்று இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

அனிமாவின் தமிழும் இதற்குள் தேறிவிட்டது. "என்னத்தை, இன்னும் கடையச் சாத்தலியா?" என்று அவள் கேட்டால், குரல் மட்டும் கேட்பவர்கள் ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

தைரியம் கூடிப்போய்த்தான் வினோலியா தன் ஊரில் அந்த வாக்கைக் கொடுத்தாள்.

அவள் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம். சர்ச் பண்டிகையன்று அங்கே அசனம் நடக்கும். ஊரே கூடி ஆக்கி, ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. வீட்டுக்கு ஒரு வேலை. வினோலியாவின் அப்பா வீட்டுக்கு எப்போதும் சின்ன வெங்காயம், இரண்டு மூட்டை. அண்ணன் குடும்பம் திருப்பூருக்குப் போன பிறகு உரிக்க அவள் ஒருத்திதான். போன வருடம் பாதி மூட்டைகூடத் தாண்டாமல், பக்கத்து வீட்டார் வந்து கைகொடுக்க வேண்டியதாயிற்று. இந்த வருடம் கமிட்டிச் செயலாளர் ஜான்பீட்டர் நயமாகத்தான் ஆரம்பித்தார்.

"வெங்காயத்த வேற வீட்டுக்கு மாத்திவிடுதேன், தாயி. நீ டம்ளர் எடுத்து வையி, போதும். ஒத்த ஆளு வீடு, பாவம்."

"எங்க வீட்டுல இந்தத் தடவ பன்னெண்டு பேரு, அண்ணாச்சி. வெங்காயம் எங்களுக்குத்தான்."

"பன்னெண்டு பேரா? யாரு?"

"என் மருமக்கமாரு."

ஜான்பீட்டர் நோட்டில் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார். ஆட்கள் வராவிட்டால் அடுத்த வருடம் அந்த வீட்டுக்கு வெங்காயம் இல்லை என்பதை இரண்டு பேருமே சொல்லாமல் புரிந்துகொண்டார்கள்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ஹாஸ்டல் வார்டன் சத்தியபாமா ஆள் அனுப்பினாள். வார்டனுக்கு முப்பத்தைந்து வயது, சொந்த ஊர் நாகலாபுரம். மேஜையில் ஃபாரங்களைச் சீட்டுக்கட்டுப் போல விரித்து வைத்திருந்தாள்.

"உக்காருங்கக்கா. பதினோரு ஃபாரம் இருக்கு. எல்லாத்துலயும் அத்தைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். அப்படித்தான கூப்பிடுதாளுவ."

"அத்தைன்னா அப்பா கூடப் பொறந்தவ. ஜார்க்கண்டுல மூணு அண்ணன், ஒடிசாவுல மூணு, மிசோரம்ல ஒரு அண்ணன். உங்கய்யா ரயில்வேல இருந்தாவளோ?"

"இருந்தாவ. மணியாச்சியில கேங்மேன். ஆனா மதுரையத் தாண்டிப் போனதில்ல."

சத்தியபாமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்குச் சிரிப்பாத்தான் இருக்கு. ஃபைலப் பாத்த ஆபீஸ்காரங்களுக்குச் சிரிப்பு வரலியே. நாளைக்கு ஏதாவதுன்னா என் கழுத்துலதான் கத்தி."

"ரெண்டு நாளு மட்டும் விடுங்க மேடம். ஊர்ல வாக்குக் குடுத்துட்டேன்."

"ஒண்ணு செய்யுதேன். வீட்டுல இருந்து யாராவது எனக்குப் போன் போட்டு, இந்த அம்மாவத் தெரியும், கூட அனுப்புங்கன்னு சொல்லணும். சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்குள்ள. சொன்ன வீட்டுப் பிள்ள போகட்டும். சொல்லாத வீட்டுப் பிள்ள இங்கன இருக்கட்டும்."

அன்று ஹாஸ்டலில் யாரும் படிக்கவில்லை. வார்டனுக்கு இந்தி வராது, அப்பாமாருக்குத் தமிழ் வராது. ஆகவே அனிமா ஒரு வாக்கியம் தயார் செய்தாள். அவரவர் எழுத்தில் எழுதி, ஃபோனில் அப்பாக்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்கள் போன பிறகு சத்தியபாமாவின் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. "வணக்கம். வினோலியா எங்க வீட்டு ஆளு. கூட அனுப்புங்க." வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தது. "வணக்கம். பினோலியா எங்க வீட்டு ஆளு." ஒடிசா அப்பாக்கள் மூன்று பேரும் பினோலியா என்றார்கள். அஸ்ஸாம் அப்பா ஒருவர் வணக்கத்தைக் கடைசியில் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் இருந்து பேசிய அம்மா வாக்கியத்தைப் பாட்டாகவே பாடிவிட்டாள். சத்தியபாமா ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டாள். ஏழாவது டிக்கிலிருந்து சிரிப்பில் பேனா குலுங்கியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்து டிக் விழுந்திருந்தது. அனிமாவின் வீட்டில் இருந்து மட்டும் அழைப்பு இல்லை. அவள் ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்கு வெளியே உள்ள பாறை மேல் ஏறினால் கிடைக்கும். அங்கே சந்தைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஃபோனில் செய்தி சொல்லி விட்டிருந்தாள். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ.

கேட்டுக்கு வெளியே குட்டியானை லோடு வண்டி நின்றது. டிரைவர் மணிராஜ் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

"நீங்க போங்க அத்தை," என்றாள் அனிமா. "பதினோரு ஆளு இருக்கே. வெங்காயம் முடிஞ்சிரும்."

"நான் பன்னெண்டுன்னு சொல்லியிருக்கேன்."

"ஒண்ணு கொறஞ்சா என்னத்தை?"

"ஆதார் அட்டைய எடுத்துக்கிட்டு மொத மொத வந்தவ நீதான். ஒன்ன விட்டுட்டுப் போயி யாரு வீட்டு வெங்காயத்த உரிக்க? பேசாம நில்லு."

வண்டியில் ஏறியிருந்த பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். மணிராஜ் இன்ஜினை அணைத்தான். சத்தியபாமா ஆபீஸ் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்து நின்றாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஃபோன் அடித்தது. ஒரு பெண்குரல், மூச்சு வாங்க, காற்று இரைச்சலோடு. வாக்கியம் கீக்கியம் ஒன்றும் இல்லை. ஆற்றுவெள்ளம் போலப் பேச்சு. சத்தியபாமாவுக்குப் புரிந்தது 'அனிமா', 'வினோலியா' இரண்டும்தான்.

அனிமா ஓடிவந்து காதை வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அத்தை, மேடம். அப்பா தங்கச்சி. அப்பா காட்டுக்குப் போயிட்டாங்களாம், இவிய பாறை ஏறிட்டாவ. என்ன சொல்லுதாவன்னா..."

"நீ சொல்லாத," என்றாள் சத்தியபாமா. "சொன்னா ஒனக்குத் தோதாத்தான் சொல்லுவ. அக்கா, நீங்க பேசுங்க." ஃபோனை வினோலியாவிடம் கொடுத்தாள்.

வினோலியா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபோனை வாங்கினாள். அந்தப் பக்கம் பேச்சு. இந்தப் பக்கம், "ஆமா... ஆமா... அதெல்லாம் நல்லாச் சாப்பிடுதா. முன்னைக்கு இப்ப கன்னம் வச்சிருக்கு." மறுபடி அந்தப் பக்கம். "அது சொன்னாக் கேக்க மாட்டா. தல காயாமலேயே பின்னிப் போட்டுருதா. நீங்களும் சொல்லுங்க." அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கமும் சிரிப்பு. ஐந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை முடித்தார்கள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டாள் சத்தியபாமா.

"சளி பிடிக்கிற உடம்பாம். தலைக்கு எண்ணெ ரொம்ப வைக்கக் கூடாதுன்னாவ. ராத்திரி முழிச்சிக்கிட்டு ஃபோனு பாக்க விடக் கூடாதாம்."

"உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாதே."

"பெறகு?"

"அத்தைமாரு வேற என்னத்தச் சொல்லப்போறாவ, மேடம்?"

சத்தியபாமா அனிமாவைப் பார்த்தாள். அனிமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எண்ணெய், ஃபோன் இரண்டும் அப்படியே சரி.

சத்தியபாமா ரிஜிஸ்டரைத் திறந்தாள். நேரத்தை மாற்றாமல் ஒன்பது இருபத்தைந்து என்றே எழுதினாள். 'பேசியவர்' என்ற இடத்தில் 'அத்தை' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'இருவரும்' என்று சேர்த்தாள்.

"ஆறு மணிக்கு எல்லாரும் உள்ள இருக்கணும். சாப்பாடு நாளைக்கா?"

"நாளைக்கு மத்தியானம் மேடம். வாங்களேன்."

"பாப்போம்," என்றாள் சத்தியபாமா.

ஊரில் வண்டி நின்றதும் பெண்கள் இறங்க இறங்க, ஜான்பீட்டர் விரல் விட்டு எண்ணினார். வேப்பமரத்தடியில் இரண்டு மூட்டையும் காத்திருந்தன.

"வெங்காயம் உரிக்க ஆளு கேட்டா, பார்லிமெண்டையே கூட்டியாந்துட்டியே, தாயி."

"எண்ணிட்டியளா அண்ணாச்சி?"

"எண்ணிட்டேன், எண்ணிட்டேன். பன்னெண்டு."

பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். கால்மணி நேரத்தில் பதினோரு பேருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகியது. யார் கண்ணில் அதிகம் தண்ணீர் என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்ததில் இன்னும் ஒழுகியது. ரின்புயி அவள் ஊர் சர்ச் பாட்டைப் பாடினாள். மெட்டு தெரிந்த மெட்டாக இருக்கவே, அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் தமிழில் சேர்ந்துகொண்டார்கள். நாலரை மணிக்கு இரண்டாவது மூட்டையின் அடியில் சருகுதான் இருந்தது. அனிமா சாக்கை உதறி மடித்து வினோலியாவின் மடியில் வைத்தாள்.

மறுநாள் பந்தி தொடங்கும் முன்பு, வழக்கப்படி ஜான்பீட்டர் மைக்கில் வீட்டு வேலைகளை வாசித்தார். "வெங்காயம், கேங்மேன் வீடு, பன்னெண்டு பேர்." ஒரு நொடி நிறுத்தி, "அடுத்த வருசமும் அவியளுக்கே" என்றார். பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். வழக்கம் இல்லாத வழக்கம்தான், ஆனாலும் ஊரும் சேர்ந்து தட்டியது. வினோலியா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அந்த வரிசையின் கடைசியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தது சத்தியபாமா. பக்கத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தூக்குவாளியும் இருந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்கள் வந்து இறக்கிய கூட்டத்தில் கடை திணறிக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேன் பூவனநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஆறு ஃபாரம். ஆண்கள் ஹாஸ்டலில் இருந்து. ஆறிலும் உறவுக் கட்டத்தில் ஏற்கெனவே 'அத்தை' என்று எழுதியிருந்தது.

வினோலியா மெஷினில் தாளை விசிறி வைத்தாள். பேனாவைத் தேடினாள்.

"போடுதேன், அண்ணாச்சி," என்றாள். "ஆனா மொதல்ல வெங்காயம் உரிப்பானுவளான்னு கேட்டுட்டு வாங்க."