டீச்சருக்கு நான் ஒரே மாணவி

அது மட்டுமா புஷ்பா, பக்கத்து டீச்சர் வீட்டில் இன்றைக்குச் சமையலறைச் சுவரிலும் கை வைத்துவிட்டார்கள். பழைய டைல்ஸை இடித்து இடித்துப் பெயர்க்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே, என் பக்கம் மாட்டியிருக்கிற கரண்டியெல்லாம் தானாக ஆடுகிறது. வீட்டை வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், முந்தாநாள் ஆரஞ்சுப் பழம்கூடக் கொடுத்தார்கள். இந்தச் சிமெண்டுத் தூசி வாசனைதான் என்னை உட்கார விடவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நீ எதிர்வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே டீச்சர் போய்விட்டார். உனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் இங்கே குளுவாங்கில் பெரிய பள்ளியில் தமிழ் இலக்கியம் நடத்தியவர். நானோ லாயாங் லாயாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தே பள்ளிக்கூட வயதைக் கழித்தவள். பஸ் எங்கே போகிறது என்று இன்றைக்கும் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்பேன். தப்பான பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றியதும் உண்டு, அதில் ஒன்றும் நஷ்டம் இல்லை.

இந்தத் தாமானில் இந்த வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், விடிகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். அழுகிறது, கெஞ்சுகிறது, ‘போகாதே’ என்கிறது. அடுத்த நிமிஷம் ஆண் மாதிரி அதட்டுகிறது. யாரோ ஒருத்தியைப் போட்டு அடிக்கிறான் என்று நினைத்து, கையில் இருந்த கரண்டியோடு ஓடினேன். கதவு திறந்தால் டீச்சர் மட்டும் நிற்கிறார், கையில் தோசைத் திருப்பி.

“யாருங்க டீச்சர் உங்கள அடிக்கிறது?”

“யாரும் இல்லம்மா, பாடம்லா! பிள்ளைங்களுக்கு நடத்துறதுக்கு முன்னால நானே ஒரு தடவ நடத்திப் பாத்துக்குவேன்.”

“அலமாக்! நான் போலீஸ கூப்பிட இருந்தேன்!”

சிரித்த சிரிப்பில் தோசை கருகியது. அது என்ன, தினமும்தான் கருகும். நின்ற இடத்தில் நின்று பாடம் சொல்ல அவருக்கு வராது. அடுப்பிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து அடுப்பு, நடந்துகொண்டேதான். கருகியதைத் தான் தின்றுவிட்டு நல்லதை மகள் சுதாவுக்கு எடுத்துவைப்பார். சுதா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா இல்லை. அவள் கோலாலம்பூரில் படித்த காலத்தில், டீச்சர் நெத்திலிச் சம்பலை டப்பாவில் அடைத்து, மேலே துணியைச் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார். ரயில் பெட்டி முழுக்க மணக்குமாம். அந்த மகள் இலக்கியம் பக்கம் திரும்பவே இல்லை, கணக்குப் படித்தாள். “வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும் மாரி” என்பார் டீச்சர்.

வேலையிலிருந்து ஓய்வு வந்தது. குரலுக்கு ஓய்வு வரவில்லை. விடிந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடக்கும், நான் இந்தப் பக்கம் சோறு வடிப்பேன். சுதா அப்போது சிங்கப்பூரில் குடும்பமாகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கியவள், காலையில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு.

“ஆன்ட்டி, அம்மா தினமும் இப்படித்தான் தனியா பேசுறாங்களா?”

“பாடம்தானேம்மா, உனக்குத் தெரியாததா?”

“அப்ப ஸ்கூல் இருந்துச்சு. இப்ப யாருக்கு ஆன்ட்டி? மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். அடுத்த வாரம் வரேன். வீட்ட வித்துட்டு என்கூடயே கூட்டிட்டுப் போயிடுறேன்.”

டீச்சரிடம் சொன்னேன். “அவ பயப்படுறா மாரி. அவள ஒண்ணும் சொல்லாத” என்றார். அதற்குப் பிறகு வாயையே திறக்கவில்லை. அந்த அமைதி இருக்கிறதே, புஷ்பா, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒரு ரசம்கூட ஒழுங்காக வைக்க முடியவில்லை. உப்பு இரண்டு தடவை போட்டேன். அவரோ போர்ச்சில் காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறார், நடக்கிறார்.

அப்புறம் ஒரு விடியல், கதவைத் தட்டுகிறார்.

“மாரி, நெத்திலி ஆயணும்னு சொன்னியே. எடுத்துட்டு வா.”

“இப்பவா?”

“இப்பதான். நீ முன்னால உக்காந்தா நான் தனியா பேசலல்ல?”

இப்படித்தான் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன், பேரப்பிள்ளை எடுத்த பிறகு! நான் நெத்திலியைக் கிள்ளுவேன், அவர் நடந்துகொண்டே பாட்டைச் சொல்லி விளக்குவார். பெரும்பாலும் யாராவது ஒருத்தி யாருக்காவது காத்துக்கொண்டிருப்பாள். சுதா வருவதாகச் சொன்ன அந்த வாரமும் அப்படி ஒரு பாட்டுதான். காத்திருப்பவளுக்கு ஒரு தோழி. ‘அவன் கட்டாயம் வருவான்’ என்று சொல்கிறாள் அந்தத் தோழி.

“ஏன் அப்படிச் சொல்றா, மாரி?”

“அவன் வரமாட்டான்னு அவளுக்கு நல்லாத் தெரியும் டீச்சர். பக்கத்துலயே இருக்கிறவ, அத எப்படி வாய் விட்டுச் சொல்லுவா?”

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் பின்வாசலில் சுதா, தோளில் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. பையைக் கீழே வைத்தாள், என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தாள். தலையோடு பாதி உடம்பையும் பிய்த்துப் போடுகிறாள்!

“தலைய மட்டும்டி!” என்று டீச்சரும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

“நீங்க பாடத்த நடத்துங்கம்மா” என்றாள்.

வீடு விற்கிற பேச்சு அதோடு நின்றது. டீச்சர் கடைசிவரை அவர் வீட்டில்தான் இருந்தார். வருஷக்கணக்காகப் பாடம் நடந்தது, எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. வந்ததெல்லாம் பாட்டும் வாயாடித்தனமும்தான்.

கடைசியாக நடத்திய அன்று ஒரு கேள்வி கேட்டார். “அவன் திரும்பி வந்துட்டான்னு வச்சுக்க மாரி. அதுக்கப்புறம் அந்தத் தோழி எங்க போனா? பாட்டுல எங்கயும் காணோமே. நாளைக்குச் சொல்லு.” மத்தியானம் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

இப்போது டீச்சரும் இல்லை, பாடமும் இல்லை. அவர் வேலை பார்த்த பள்ளியில் இப்போது இலக்கியம் எடுக்கவே பிள்ளைகள் சேரவில்லையாம். விடியும்போது எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் இந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். நடக்க நடக்கத்தான் எனக்கு அந்தப் பதில் கிடைத்தது, புஷ்பா. அந்தத் தோழி எங்கேயும் போயிருக்க மாட்டாள். பக்கத்திலேயேதான் இருந்திருப்பாள். கூப்பிடத்தான் ஆள் இல்லாமல்...

ஐயோ, தூறுகிறதே! கொடியில் துணியெல்லாம் கிடக்கிறது. நகரு, நகரு!