புளியங்கூடலில் ஓர் இத்தாலித் தோட்டம்

மேசனுக்குக் கூலி கிடைக்கும், தச்சனுக்கு மரியாதை கிடைக்கும். வீட்டுக்கு முன்னால் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறவனுக்கு மட்டும் புத்திமதிதான் கிடைக்கும்.

பிறத்தியார் வளவுக்குள் நின்று நல்லதைச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனவர்களே, நீங்கள் கூரைக்கு ஓடு வேய்கிறவராக இருக்கலாம், பல்லுப் பிடுங்குகிறவராக இருக்கலாம். என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

சரித்திரம் சொன்ன குற்றம்

நான் கப்பலில் வேலை பார்த்தவன். ஐம்பதுகளின் கடைசியில் ஜெனோவாத் துறைமுகத்தில் கால் முறிந்தது. கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கால் பொருந்திய பிறகு, அடுத்த கப்பல் கிடைக்கும்வரை ஏழு மாதம் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் கல் சுமந்தேன். இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

அந்தக் கரைக்கு லிகூரியா என்று பெயர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் கால் வைக்க இடமில்லை. முதலில் மடத்துச் சாமிமார் கீரையும் மூலிகையும் வளர்த்தார்கள். நானூறு வருசத்துக்கு முன்னர், கடல் கடந்து வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர்கள் ஊர் திரும்பி மாளிகை கட்டினார்கள். மலையைப் படிபடியாக வெட்டி, சாந்து இல்லாமல் கல்லடுக்கி மதில் வைத்தார்கள். உப்புக்காற்றுப் படாத இடத்தில் எலுமிச்சை இனத்துத் தேசிமரம் நட்டார்கள். முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல்லைச் சரிவாகப் பதித்து, வழிந்தோடும் மழைநீரை நடுவில் ஒரு துவாரத்தால் கீழே தொட்டிக்குள் இறக்கினார்கள். கடைசியில் குளிர்நாட்டுப் பணக்காரர் வந்து, கண்ட கண்ட தேசத்து மரமெல்லாம் நட்டு, அந்த ஒழுங்கைக் குழப்பினார்கள். நான் இருந்த மாளிகையில் அந்தத் துவாரத்து மூடிப் பூட்டின் திறப்பு, முற்றம் கூட்டுகிற பெண்ணின் இடுப்பில்தான் தொங்கும். எசமானே அவளைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். எனக்கு அது பெரிய வேடிக்கை.

கப்பலை விட்டு ஊர் திரும்பிய பிறகு, இதையெல்லாம் புளியங்கூடல் கனகசபை முதலாளிக்குக் கதிரை நுனியில் இருந்து நாலு நாள் சொன்னேன். அவருக்கு நாட்டின் தென்பகுதியில் கடை. ஊரில் புதிதாக மாடி வீடு. வளவுக் கிணறோ உவர். அவர் மனைவி பவளமக்கா நல்ல தண்ணீருக்காகக் காலையும் மாலையும் குடத்தோடு கால் மைல் நடப்பார். முற்றத்துக்குக் கீழே தொட்டி வைத்தால் அந்த நடை நின்றுவிடும். கப்பலில் எண்ணெய் துடைத்துத் திரிந்தவனுக்கு, வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்யக் கிடைத்த சந்தர்ப்பம் அது. உயிரைக் கொடுத்துப் பேசினேன். பவளமக்கா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். முதலாளி கண்ணை மூடிக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாம் சரி தம்பி. அவ்வளவு மதில் கட்டினவங்கள் ஒரு முருங்கை வைக்கேல்லையோ?”

கடல் பார்க்கும் இருக்கை

ஒருவழியாகச் சம்மதித்தார். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் பவளமக்கா மூன்று மாதம் தென்பகுதிக்குப் போயிருந்த நேரத்தில் வேலை நடந்தது. வெள்ளைக்கல் எங்கள் கடற்கரையில் கிடைத்தது. கறுப்புக்கல் முதலாளியின் கடை லொறியில் வந்தது. ஊர்காவற்றுறை மேசன் அருளப்பு தொட்டியைக் கட்டி மூடி, நடுவில் துவாரம் விட்டு, முழங்காலில் நின்று ஒவ்வொரு கல்லாகப் பதித்தான்.

வளவின் மேற்கு மூலையில், கடலைப் பார்த்தபடி ஒரு கல்லிருக்கையும் கட்டுவித்தேன். ஜெனோவாவில் அது இல்லாத தோட்டம் தோட்டமே இல்லை. முதலாளி வந்து பார்த்தார். “கடல் என்ன புதினமே? பிறந்த நாள் தொட்டு வீட்டுக் கோடிக்குள்ள கிடக்கு” என்றார். அதோடு விட்டாரா? தெருவால் போகிறவர்கள் இடுப்பளவு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள் என்று, மறுவாரமே ஆள் பிடித்து மதிலைச் சுற்றி ஆளுயரப் பனையோலை வேலி அடைத்துவிட்டார். நான் பாடுபட்டு அடுக்கிய கல் மதில் ஓலைக்குள் மறைந்தது. கடலும் மறைந்தது. தோட்டம் என்றால் நாலு பேர் பார்ப்பதற்குத்தானே என்று கேட்டேன்.

“ஓம், பார்க்கிறதுக்குத்தான். நாங்கள் நாலு பேர் இருக்கிறம்தானே.”

மூன்று தேசிக்காய்

படலை வாசலின் இரு பக்கமும் பெரிய சாடியில் தேசிமரம் வைத்திருந்தேன். லிகூரியாவில் தேசி என்றால் செல்வத்தின் அடையாளம். சோளகக் காற்று வீசிய ஒரு நாள் மூன்று காய் படலையடியில் விழுந்து கிடந்தன. லீவில் வந்திருந்த முதலாளி அதைக் கண்டதும் வெளிறிப்போனார். படலையடியில் மூன்று தேசிக்காய் கிடந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: செய்வினை! கடைத்தெருவில் தனக்கு எதிர்க்கடை வைத்திருப்பவன்தான் செய்வித்தான் என்று முடிவு கட்டி, அனலைதீவிலிருந்து வள்ளத்தில் மந்திரவாதியைக் கூப்பிட்டார். கழிப்புக் கழித்து, சாடியோடு இரண்டு மரத்தையும் கடலில் தள்ளினார்கள்.

தள்ளுவதற்கு முன் முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துப் போய், காம்பு முறிந்த கொப்பைக் காட்டினேன். பச்சை ஈரம்கூடக் காயவில்லை. அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார்.

“காய் இந்த மரத்துக் காய்தான், ஓம். விழுத்தினது ஆர்?”

தொட்டி

போனால் போகட்டும், தொட்டி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பியது. முற்றத்து மூலையில் பூட்டியிருந்த கைப்பம்பியை அடித்து ஒரு செம்பு குடித்தேன். அசல் இனிப்பு. பவளமக்காவின் குடம் ஒரு மாதம் குசினியில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து நான் அடைந்த சந்தோசத்தை எழுத ஏலாது.

தை மாதம் முதலாளி ஆள் அனுப்பினார். தண்ணீர் நாறுகிறதாம். விடியற்காலையில் ஓடிப் போனேன். படலையைத் திறந்தால், பவளமக்கா வாளி நிறையச் சாணித் தண்ணீரை என் கூழாங்கல் முற்றத்தில் விசிறித் தெளித்து, மிச்சத்தை விளக்குமாற்றால் நடுத் துவாரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “தம்பி, முற்றம் கழுவ நல்ல வசதியா ஓட்டை வைச்சிருக்கிறீர்” என்றார். கூரைத் தண்ணீர்தான் தொட்டிக்குப் போகிறது என்று அவர் நினைத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் அயலட்டை முழுவதும் வேலி ஓலையை விலக்கி எட்டிப் பார்த்தது.

தொட்டியை இறைத்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். முதலாளி கேட்கவில்லை. தொட்டியை மணலால் நிரப்பி, கல்லுக்கு மேலே சீமெந்து பூசச் சொன்னார். அருளப்பு தான் பதித்த கல்லைத் தானே மூடினான். பக்கத்தில் நின்ற முதலாளி சொன்னார்:

“கழுவலாம் தம்பி, கழுவலாம். நினைப்பை என்னத்தால கழுவுறது?”

ஒழுங்கையில்

அந்தச் சித்திரை வெயிலில், நல்ல தண்ணீர்க் கிணற்றடி ஒழுங்கையில் பவளமக்கா எதிரே வந்தார். இடுப்பில் நிறைகுடம். எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, அண்டைக்கு நீங்கள் அந்தச் சாணியைத் தெளிக்காமல் விட்டிருந்தால் இண்டைக்கு இந்தக் குடம் உங்கட இடுப்பில இருக்காது” என்று வெடித்தேன்.

அவர் குடத்தை மெதுவாக இறக்கி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“தம்பி, இவருக்குச் சொன்னீர், மேசனுக்குச் சொன்னீர். இத்தாலியில ஆர் ஆர் என்ன மரம் வைச்சவை எண்டு நாலு நாள் சொன்னீர். நாலு நாளும் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சனான். அந்த ஓட்டை எங்க போகுது எண்டு, முற்றம் கூட்டுறவளுக்கு ஒரு சொல்லுச் சொன்னனீரோ?”

தொட்டித் திறப்பு யார் இடுப்பில் தொங்குகிறது என்று ஏழு மாதம் பார்த்துச் சிரித்துவிட்டு வந்த நான், புளியங்கூடலில் அதே இடுப்பில் குடத்தை ஏற்றி வைத்துவிட்டு, பதினைந்து வருசமாகச் சாணியைத் திட்டிக்கொண்டு திரிகிறேன்.