மைத்துனர் மாற்றிய கார்பரேட்டர்

என் பிக்கப் வண்டிக்கு என் மகளைவிட வயது அதிகம். பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் எங்களுக்கு இருந்த வாழைக்கொல்லைக்காக வாங்கியது. மனைவி இறந்ததும் கொல்லையை விட்டுவிட்டேன், வண்டியை விடவில்லை. குனோங் ராபாட்டில் தனியாக இருப்பவனுக்குக் காலையில் எழுந்ததும் அதை ஸ்டார்ட் செய்வது ஒரு வேலை.

நான்கு வருடங்களாக அது ஒழுங்காக ஸ்டார்ட் ஆனதில்லை. சோக்கை முழுக்க இழுத்துவிட்டு ஏழெட்டு முறை சாவியைத் திருப்ப வேண்டும். எழுந்தாலும் நின்ற இடத்தில் உதறும். சிக்னலில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும்.

இதற்கு யார் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என் மனைவியின் தம்பி, தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்தவர். மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது வண்டியை எடுத்துப்போனார். பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்பரேட்டர் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, பழைய கார்களை வெட்டி விற்கும் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டிக் கொண்டுவந்து விட்டார். சில வாரங்களில் உதறல் தொடங்கியது. நல்லதைக் கழற்றி விற்றுவிட்டுக் குப்பையை மாட்டிவிட்டார் என்று முடிவுகட்டினேன். மனைவியின் கருமாதியன்று பந்தியில், எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"அக்கா சாகக் கிடக்கிறப்பவா மாப்ளே திருடுவ?"

பிசைந்த சோறு அவர் கையில் இருந்தது. அதை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கு அடுத்த ஆண்டு மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். நான் அவருக்குப் பத்திரிகையே வைக்கவில்லை. தூரத்து உறவில் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"மாமா ஏம்பா வரல?" என்று மாலையோடு நின்ற மகள் கேட்டாள்.

"அம்மா படுக்கையில இருந்தப்ப நம்மள ஏமாத்துனவன் அவன்" என்றேன். அவள் அதன் பிறகு கேட்கவில்லை. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். எப்போதாவது அழைத்து, சாப்பிட்டேனா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

வண்டிக்கு ப்ளக், காயில், பேட்டரி எல்லாம் மாற்றிப் பார்த்தேன். சிலிபினில் ஒரு பட்டறைக்காரர், "இரும்புக்குப் போட்டுடுங்கலாண்ணே, பாவம் அது" என்றார். போன மாதம், வேறு வேலை இல்லாமல், நானே பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். எஞ்சினை ஓடவிட்டு, கார்பரேட்டர் கழுவும் ஸ்பிரேயை ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். எங்காவது ஓட்டை வழியாகக் கள்ளக்காற்று உள்ளே போனால் அந்த மருந்தும் உள்ளே இழுக்கப்பட்டு, எஞ்சின் சத்தம் மாறும். பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் அடித்தபோது உதறல் சட்டென்று நின்றது. முகம் மழிக்கும் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். நகத்தளவு விரிசல். காய்ந்துபோன ரப்பர்.

குழாயை மாற்றினேன். ஒரே திருப்பில் எழுந்து, அமைதியாக ஓடியது. கார்பரேட்டரில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தம் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். மைத்துனர் ஆறாம் வகுப்போடு நின்றவர் என்பதால் அவரைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதை மறைத்து எழுதிப் பயனில்லை.

மறுநாளே ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனேன். அங்கே அவர் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். வண்டியைப் பார்த்தும் எழவில்லை.

"என்னா மச்சான், கார்பரேட்டரத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"குழாய்தான் மாப்ளே. வெடிச்சிருந்துச்சு. நீ மாட்டுனது நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள் அலைஞ்சு பொறுக்குனது." துணியில் கையைத் துடைத்தார். "நான் திருடலன்னு எனக்குத் தெரியும்லா. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பாப்பாகிட்ட சொல்லுங்க."

"வீட்டுக்குப் போயி சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. நானும் கேக்கணும்."

கைப்பேசியை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. வேலை நேரத்தில் நான் அழைத்ததால் மகள் பயந்துவிட்டாள். "என்னாப்பா, உடம்புக்கு முடியலையா?"

சொன்னேன். மாமா திருடவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன், உன் கல்யாணத்துக்கு அவர் வராதது என்னால் என்று.

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கான்மா."

"அவர்கிட்ட குடுங்க."

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். "சொல்லும்மா" என்றது மட்டும் காதில் விழுந்தது. வெயிலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு அவள் அவ்வளவு நேரம் பேசி வருடங்களாகிவிட்டன. ஒருமுறை அவர் சிரித்ததும் கேட்டது.

திரும்பி வந்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"என்னா சொன்னா?"

"அடுத்த மாசம் புள்ளையத் தூக்கிக்கிட்டு வாராளாம். எங்க வீட்டுக்கு."

"என் வீட்டுக்கு?"

"அத நீங்கதான் கேக்கணும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டார்.

இன்னும் கேட்கவில்லை.