வரிக்கு வரி ஒன்றாக இருந்த இரண்டு கட்டுரைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக நான் சேர்ந்த புதிது. கிருஷ்ணகிரியில் நடக்கவிருந்த கட்டுரைப் போட்டிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரையும் 'உழைப்பு' பற்றி வீட்டில் எழுதி வரச் சொன்னேன்.

திருத்தும்போது இரண்டு கட்டுரைகள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் பெண்களைப் பற்றியவை. ஒன்று, வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் மாணவியுடையது. ஒரு பிழை இல்லை. இன்னொன்று, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழியுடையது. கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து பஸ்ஸில் வரும், வீட்டில் கன்னடம் பேசும் பெண் அவள். ல, ள எல்லாம் இடம் மாறிக் கிடந்தன.

நான் யோசிக்கவே இல்லை. தளிப் பெண்ணை வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன்.

"யாரைப் பாத்து எழுதுன?"

"நானேதான் மிஸ் எழுதுனேன்."

"உனக்கு இவ்ளோ தமிழ் வருமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பூஜ்யம் போட்டு, அம்மாவை அழைத்து வரச் சொன்னேன்.

மறுநாள் அந்த அம்மா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கும்பிட்ட கைகள் முழுக்க முள் கீறல்கள்.

"பூ எப்பிடி வெட்டறே, எப்பிடி கட்டறேன்னு ஒரு வாரமா கேட்டுக் கேட்டு எழுதுச்சு மிஸ்" என்றார்.

அதற்குள் முதல் ரேங்க் மாணவி தானாகவே வாசலில் வந்து நின்று அழுதாள். "நான்தான் மிஸ் அவ நோட்டை வாங்கிப் பாத்து எழுதுனேன். அவ நேத்து என் பேரைச் சொல்லவே இல்ல."

அன்றே அதே வகுப்பில், அந்த அம்மாவும் இருக்கும்போது, தளிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பூஜ்யம் மற்றவளுக்குப் போனது. புதிதாக எழுத அவளுக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தேன். அப்பாவின் ஷிப்ட் வேலையைப் பற்றி எழுதி வந்தாள். கொஞ்சம் தடுமாற்றம்தான், ஆனால் முழுக்க அவளுடையது. தோழிகள் இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கிருஷ்ணகிரிப் போட்டிக்குத் தளிப் பெண்ணைத்தான் அனுப்பினேன்; பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும், "அடுத்த வருஷமும் என்னையே அனுப்புங்க மிஸ்" என்றாள்.

பார்த்து எழுதிய பிள்ளை தன் தப்பை ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒரு பிள்ளையின் எழுத்துப் பிழைகளைப் பார்த்து அவளையே எடைபோட்ட நான், இன்றும் ஒவ்வொரு தாளைத் திருத்தும்போதும் என்னையும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.