தீவைக் காலி செய்த துரை

பாரிசின் லா சப்பலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் றொஜர் தனியாக இருந்தார். வயது எண்பத்துநான்கு. வீடு, செத்துப்போன மனைவி ஆலீஸ் விட்டுப்போனது. காலையில் அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடப் புறநகரான திரான்சியிலிருந்து வள்ளிநாயகி வருவாள். அந்த மனிதரின் உத்தியோக வரலாறு முழுக்க அவளுக்குத் தெரியும். கேட்காமலே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிரித்தானியப் பேரரசு சேடம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலில் ஆபிரிக்காவில் ஒரு சின்ன நாடு. அதிகாரம் செய்து பழகுவதற்குள் அது சுதந்திரம் வாங்கிக்கொண்டது. அடுத்த இடத்திலும் கொடி இறங்கியது. பிறகு பசிபிக் சமுத்திரத்தில் சில தீவுகள். அங்கும் அதே கதை. மூன்று நாடுகளுக்கு விடுதலை கொடுத்தவன் தான் என்பார். செத்தவீட்டில் பாடையின் ஒரு மூலையைப் பிடித்தவன் தானே மோட்சம் கொடுத்ததாகச் சொல்வது போல அவளுக்கு இருக்கும். நாற்பது வயதில் ஆள்வதற்கு ஊர் மிஞ்சவில்லை. மனைவியின் பின்னால் பாரிசுக்கு வந்து, பென்சனைத் தின்றுகொண்டு உட்கார்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தான் கழுவியதில்லை என்பது அவருக்குப் பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. ஒரு தீவில் இராணுவத்துக்கு விமான ஓடுபாதை வேண்டியிருந்தது. அங்கிருந்த சனத்தைக் கப்பலில் ஏற்றி வேறொரு தீவில் கொண்டுபோய் இறக்கியவர் றொஜர். ஒரு வெடிகூட வைக்கவில்லையாம். வள்ளிநாயகி துவாயைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய ஊர் யாழ்ப்பாணத்தில், பலாலி விமானத்தளத்துக்குப் பக்கத்தில். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் உடுத்த உடுப்போடு ஓடியவள். அவர்கள் வீட்டுக் காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளேதான்.

அதே ஊர்க்காரர் குகதாசன். லா சப்பலில் மரக்கறிக் கடை. ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். சக்கர நாற்காலியில் போகும் கிழவர் ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி என்று கேள்விப்பட்டதும் மனுசனுக்கு முதுகு தானாகவே வளைந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராகக் கூட்டிவரச் சொன்னார். வள்ளிநாயகி தீவுக் கதையைச் சொல்லி, வேண்டாம் என்றாள்.

“அது அங்கை எங்கையோ நடந்தது, தங்கச்சி. ஒரு துரை வந்தால் எங்கட விழாவுக்கே ஒரு மதிப்பு” என்றார் குகதாசன்.

றொஜரோ அழைப்பு வந்த நாளிலிருந்து கோட்டையும் கழுத்துப்பட்டியையும் எடுத்து வைக்கச் சொல்லி அவளைப் பிடுங்கித் தின்றார். கடைசியில் அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் மாலை போட்டார்கள். அவர் பிரெஞ்சில் பேசினார். வயதானவர்களுக்காக அவள் தமிழில் சொன்னாள். ஆபிரிக்கா முடிந்து பேச்சு தீவுக்கு வந்தபோது குகதாசன் அவள் காதருகே குனிந்து, அதை விட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னதாகச் சொல் என்றார். அவள் விடவில்லை.

“பிளேன் இறக்கிறதுக்காக ஒரு ஊரையே எழுப்பிக் கப்பலிலை ஏத்தினவராம். சனம் அழுததாம், பிறகு பழகிட்டுதாம். குழந்தைப்பிள்ளையள் மாதிரியாம் அந்தச் சனம்.”

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வெளியே போனார். பின்னால் ஒவ்வொருவராகப் பாதி மண்டபம் போனது. குகதாசன் அவசர அவசரமாகப் பொன்னாடையைப் போர்த்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், நல்ல மரியாதை தெரிந்த சனம், எவ்வளவு அமைதியாகக் கேட்டார்கள் என்றார் றொஜர். அவள் நாற்காலியை நிறுத்தினாள். மண்டபத்தில் இருந்த சனமும் ஓடுபாதைக்காக விரட்டப்பட்டவர்கள்தான், தானும் அதில் ஒருத்தி என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்படியா? அங்கே அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார்களா?”

அவள் நாற்காலியை மறுபடி தள்ளினாள். வீட்டில் கோட்டைக் கழற்றி, மருந்தைக் கொடுத்துப் படுக்க வைத்தாள். மறுநாள் காலை, தன்னை வேலைக்கு அனுப்பும் பியூரோவுக்குப் போய், இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றாள். இப்போது பொபினியில் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கிறாள்.

குகதாசனின் கடையில், கல்லாவுக்கு மேலே, துரையோடு நிற்கும் படம் தொங்குகிறது. வள்ளிநாயகி முருங்கைக்காயை எதிர்க்கடையில் வாங்குகிறாள்.