பனியில் கை காட்டியவர்

சாமி நேரில் வந்தது, கனவில் வந்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். கோயிலுக்குப் போவேன், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், அதோடு சரி. அப்படிப்பட்ட எனக்கே நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கம், தை மாதத்துத் திங்கட்கிழமை காலை. கரோல் பாக் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, டில்லியின் ஓரத்தில் கிடைத்த அரசாங்க குவார்ட்டர்ஸுக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் டிரைவர் சர்தார்ஜி, என் வீட்டுக்காரர், நான். என் மடியில் சிவப்புப் பட்டுத் துணி சுற்றிய, சாண் உயரப் பித்தளைப் பிள்ளையார். புது வீட்டில் விளக்கேற்றிய பிறகுதான் துணியை அவிழ்ப்பது எங்கள் வழக்கம். பின்னால் சாமான்களின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே பாலை ஊற்றினாற்போலப் பனி.

"பையா, ஜல்தி! ஏழரைக்கு ராகு காலம்" என்று இவர் நச்சரித்தார்.

"உங்க ராகுவை எனக்குத் தெரியாது பாபுஜி, என் ராகு இந்தப் பனிதான்" என்றார் சர்தார்ஜி இந்தியில்.

கேட்டோ காவல் ஆளோ இல்லாத ரயில்வே கிராசிங் வந்தது. அங்கே லாரியை நிறுத்தி, கிளீனர் இறங்கிப்போய் இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகே தண்டவாளத்தைக் கடக்க வேண்டும், அதுதான் சட்டம்.

"ஏங்க, கிளீனரை எழுப்பச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அவன் எழுந்து பீடி பத்த வைக்கிறதுக்குள்ள ராகு காலமே ஆரம்பிச்சிடும். சலோ பையா!"

லாரி நகர்ந்தது. நான் கண்ணை மூடிப் பிள்ளையாரை இறுக்கிக்கொண்டேன். அடுத்த நொடி, பிரேக் போட்ட வேகத்தில் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. கண்ணைத் திறந்தால் கூட்ஸ் வண்டி கை எட்டும் தூரத்தில் தடதடவென்று ஓடுகிறது, கரிப்புகை கண்ணாடியையே மூடிவிட்டது.

"கிளீனர் சிவப்புத் துணியைக் காட்டினானே, அதான் நின்னேன்" என்றார் சர்தார்ஜி. "அவன் எப்ப இறங்கினான்?"

பின்னால் சாமான் மேலிருந்து, என்ன ஆச்சு என்று கிளீனரின் தூக்கக் குரல் கேட்டது: "க்யா ஹுவா, உஸ்தாத்?"

அப்போதுதான் என் கையில் பித்தளை ஜில்லென்றது. பிள்ளையார் இருக்கிறார், துணி இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தன. ரயில் போன பிறகு இவர் இறங்கிப்போய், தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து அந்தத் துணியை எடுத்து வந்தார்.

ராகு காலத்தில்தான் புது வீட்டில் விளக்கேற்றினோம். நான்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நேரம் காலம் ஏது? இன்றும் அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஆனால் அதன் ஓரத்தில் கரி படிந்த ஒரு கைத்தடம் உண்டு, எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. துணி காட்டியவர் நல்ல உயரமான ஆள் என்று சர்தார்ஜி சத்தியம் செய்தார். தடமோ, என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.